மாதவிடாய் அளவுக்கு மிஞ்சிப் போகும்போது: வன்னிப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் மாதவிடாய்ப் பெருக்கோடு கிளினிக்குக்கு வரும் பெண்களில் பலர் நெடுங்காலம் பொறுத்திருந்துவிட்டே வருகிறார்கள். அதற்குள் பாமசியில் சில தடவை "நிப்பாட்டுற குளிசை" வாங்கிப் போட்டிருப்பார்கள். ஏன் போகிறது என்று மட்டும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த "ஏன்" தான் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி. மருந்தின் அளவுகளை எழுதியிருப்பது வைத்தியர் தந்ததைச் சரியாக எடுப்பதற்காக. தாமாக வாங்கிப் போடுவதற்கல்ல.

எது வழமை, எது வழமைக்கு மாறானது?

வளர்ந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாளுக்கு ஒருமுறை வருவதும், 8 நாளுக்குள் நிற்பதும் வழமை. ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் ஒரு வாரமளவு முன்பின்னாவதும் வழமைக்குள்தான்.

நாள் எண்ணுவதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. இரத்தம் நின்ற நாளிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எண்ணிவிட்டு, "பதினெட்டு நாளில வந்திட்டுது டொக்டர்" என்பார்கள். தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள்வரைதான் எண்ணவேண்டும். ஏழு நாள் போய், நின்று பதினெட்டு நாளில் மறுபடி வந்தால் அது 25 நாள் சுற்று. அதில் பிழை எதுவும் இல்லை.

ஒரு மாதவிடாயில் போகும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லிலீற்றர். 80 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய கணக்கு. வீட்டில் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. அதனால் இப்போது வைத்தியர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: இரத்தப்போக்கால் வேலை, பள்ளிக்கூடம், பயணம், நித்திரை எதுவும் கெடுகிறதா? இரவில் எழும்பி மாற்றவேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாக விழுகிறதா? பாயும் உடுப்பும் நனைகிறதா? ஒன்றுக்கு "ஓம்" என்றாலும் பார்க்கவேண்டிய விடயம்தான். இரண்டு மாதவிடாய்க்கு இடையில் கறைபடுவது, உடலுறவுக்குப் பின் போவது, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் போவது ஆகியவை துளியளவாக இருந்தாலும் வழமைக்கு மாறானவை.

எவ்வளவு போகிறது என்று வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

"கனக்கப் போகுது" என்றால் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு பொருள். புள்ளி போட்டுக் குறித்துக்கொண்டு போனால் பேச்சு சுருங்கும். இலேசாக மட்டும் பட்ட நாப்கினுக்கு 1 புள்ளி, பாதியளவு ஊறியதற்கு 5, முழுதாக ஊறியதற்கு 20. சின்னக் கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. பத்து ரூபாய்க் குற்றியின் அகலத்துக்குக் குறையாத கட்டியைப் பெரியது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதவிடாய் முழுவதற்கும் கூட்டினால் 100ஐத் தாண்டுகிறதா என்பதே கேள்வி.

உதாரணமாக, முதல் நாள் பாதி ஊறியது மூன்று: 15. இரண்டாம் நாள் முழுதாக ஊறியது நான்கு: 80. அன்றே பெரிய கட்டி இரண்டு: 10. இரண்டு நாளிலேயே 105. மீதி நாட்களை எண்ணாமலே அதிகம் என்று சொல்லிவிடலாம்.

துணி பாவிப்பவர்கள் ஒரே அளவாகக் கிழித்த துணியை வைத்து, ஒரு நாளில் எத்தனை துணி முழுதாக நனைந்தது என்று குறித்தால் போதும். கலண்டரிலோ கைத்தொலைபேசியிலோ இரண்டு மூன்று மாதம் குறித்தால் வைத்தியருக்கு அது ஒரு பரிசோதனை அறிக்கைக்குச் சமம்.

எப்போது கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போகவேண்டும்?

ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக ஊறி, அது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்தால் உடனே போகவேண்டும். எழும்பினால் கண் இருட்டுவது, நெஞ்சு படபடப்பது, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, கைகால் குளிர்வது ஆகியவற்றுக்கும் அப்படியே. கர்ப்பம் தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவருக்கு இரத்தம் கொஞ்சமாகவே போனாலும், வயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் நோவோ தோள்மூட்டு நோவோ மயக்கமோ இருந்தால் தாமதிக்கவே கூடாது. கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வெளியே தெரியாமல் வயிற்றுக்குள் இரத்தம் பெருகும் நிலை அது.

இரவில் வாகனம் தேடிக்கொண்டிராமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். உள்வீதியில் இருப்பவர்கள் கோயில், பள்ளிக்கூடம், சந்தி என்று ஓர் அடையாளம் சொல்லி, ஒருவரை லைற்றோடு பிரதான வீதியில் நிறுத்துங்கள். தனியாக மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போவது மயக்கம் வரும் பெண்ணுக்கு ஆபத்து.

ஏன் இப்படிப் போகிறது?

உலக மகப்பேற்று, பெண்ணோயியல் கூட்டமைப்பு 2011இல் காரணங்களை ஒன்பது பிரிவாக வகுத்தது. முதல் நான்கும் ஸ்கானிலோ நுணுக்குக்காட்டியிலோ கண்ணுக்குத் தெரியக்கூடியவை: கருப்பையின் உட்சவ்வில் வளரும் தசைத்தொங்கல், உட்சவ்வு கருப்பையின் தசைக்குள் புகுந்து வளர்தல், நார்க்கட்டி எனப்படும் பைப்ரொயிட், புற்றுநோயும் அதற்கு முந்திய தடிப்பும்.

மற்றவை அப்படித் தெரியாதவை. இரத்தம் உறைவதில் குறை, சூலகத்திலிருந்து முட்டை ஒழுங்காக வெளிவராமை, உட்சவ்வு தன் இரத்தக்குழாய்களைச் சரியாக மூடாமை, நாம் கொடுத்த மருந்தாலோ கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைத்த லூப்பாலோ வருவது, இன்னும் வகைப்படுத்தப்படாதவை.

இவற்றில் முட்டை வெளிவராமையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. முட்டை வெளிவந்தால்தான் புரொஜெஸ்ரரோன் என்ற ஓமோன் சுரக்கும். அது உட்சவ்வைக் கட்டுக்குள் வைத்து, பிறகு தான் குறையும்போது எல்லாம் ஒருமிக்க உதிரச் செய்யும். முட்டை வராத மாதங்களில் ஈஸ்ரஜன் மட்டும் தனியே நின்று உட்சவ்வைத் தடிக்க வைக்கும். தடித்தது ஒருமிக்க உதிராமல் இங்கும் அங்குமாகப் பிய்ந்து விழும். இரண்டு மூன்று மாதம் வராமல் இருந்து, பிறகு வந்தால் மூன்று வாரம் நிற்காமல் போவது இதனால்தான். அண்மையில் வயதுக்கு வந்த பிள்ளைகள், நிற்கும் வயதை நெருங்கியவர்கள், சூலகத்தில் நீர்க்கட்டி உள்ளவர்கள், தைரொயிட் குறைந்தவர்கள், உடல் பருத்தவர்கள் இந்த வகையில் அடங்குவார்கள். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் அந்தத் தடிப்பு புற்றுநோயின் பக்கம் திரும்பக்கூடும்.

ஒருவருக்கே இரண்டு காரணம் இருக்கலாம். ஸ்கானில் சின்ன நார்க்கட்டி ஒன்று தெரிந்தவுடன் பழி முழுவதையும் அதன்மேல் போட்டுவிட்டு மற்றதைத் தேடாமல் விடக்கூடாது.

வயல் வேலையெல்லாம் செய்கிறேன், களைப்பு மட்டும்தான். எனக்கு இரத்தம் குறைந்திருக்குமா?

குறைந்திருக்கலாம். திடீரென்று போனால் மயங்கி விழுவார்கள். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் உடம்பு பழகிக்கொள்ளும். ஈமோகுளோபின் 6க்கு இறங்கிய நிலையிலும் நடந்து கிளினிக்குக்கு வருவார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை, 8க்குக் கீழே கடுமையானது.

படி ஏற இளைப்பது, தலையிடி, முடி கொட்டுவது, நகம் கரண்டிபோல் குழிவது எல்லாம் அடையாளங்கள். இன்னொன்றைப் பெண்கள் வெட்கத்தில் சொல்வதில்லை: பச்சை அரிசியை அள்ளி அள்ளிச் சப்புவது, திருநீறு, மண், ஐஸ்கட்டி தின்ன ஆசைப்படுவது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இது காணப்படும். பைத்தியமோ கெட்ட பழக்கமோ அல்ல. இரும்பு ஏறினால் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.

முதலில் எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கிலோ பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ பார்த்து, துண்டு எழுதி பெண்ணோயியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நகரங்களில் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. அங்கே செய்ய முடியாததற்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் பரிசோதனைக்கும் சத்திரசிகிச்சைக்கும் இரத்தம் ஏற்றுவதற்கும் கட்டணம் இல்லை.

கொண்டுபோகவேண்டியவை: குறித்து வைத்த நாட்கள், பழைய ஸ்கான் துண்டுகள், வேறு கிளினிக் கொப்பிகள், இப்போது போடும் குளிசைகளின் வெற்று அட்டைகள். "வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது வரக்கூடாது என்று நினைத்து நாளைத் தள்ளாதீர்கள். கருப்பைக் கழுத்தின் கலங்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையைத்தான் அப்போது செய்ய முடியாது. மற்றதெல்லாம் செய்யலாம்.

என்னென்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலாவது சலத்தில் கர்ப்பப் பரிசோதனை. குழந்தை பெறும் வயதில் உள்ள யாருக்கும் இதைச் செய்வார்கள். அதை ஒழுக்கம் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்தது ஈமோகுளோபினும், இரத்தம் உறைய உதவும் இரத்தத்தட்டுகளின் எண்ணிக்கையும் சேர்ந்த முழு இரத்தப் பரிசோதனை. தைரொயிட், இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றை அறிகுறி இருந்தால் பார்ப்பார்கள்.

ஸ்கான் இரண்டு வகை. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதற்குச் சலப்பை நிறைந்திருக்கவேண்டும். ஒரு மணித்தியாலம் முன்னரே நான்கைந்து கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுச் சலம் கழிக்காமல் இருங்கள். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் வீட்டில் குடிக்காமல் வைத்தியசாலைக்கு வந்த பின் குடிப்பது புத்தி. யோனி வழியாகச் செய்யும் ஸ்கானுக்குச் சலப்பை வெறுமையாக இருக்கவேண்டும், உட்சவ்வு அதில்தான் தெளிவாகத் தெரியும். உடலுறவு கொண்டிராத பெண்ணுக்கு யோனி வழி ஸ்கானோ உட்பரிசோதனையோ வழமையாகச் செய்யமாட்டார்கள். ஆண் வைத்தியர் பார்த்தால் பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் கேட்கலாம்.

45 வயதைத் தாண்டியவர்கள், வயது குறைவானாலும் உடல் பருத்து ஒழுங்கில்லாமல் நெடுநாள் போகிறவர்கள், மருந்துக்கு அடங்காதவர்கள் ஆகியோருக்கு மெல்லிய குழாய் ஒன்றால் உட்சவ்வில் கொஞ்சம் எடுத்து அனுப்புவார்கள். கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் முடியும். மாதவிடாய் நோவு மாதிரி ஒரு பிடிப்பு வரும்.

வன்னிக்கென்று ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருப்பவர்கள் எம்ஆர்ஐ ஸ்கானுக்கு எழுதப்பட்டால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். காந்தப் புலத்தில் இரும்புத் துண்டு அசையலாம், சூடேறலாம். சாதாரண ஸ்கானுக்கு அந்தப் பயம் இல்லை.

"நிப்பாட்டுற குளிசை" போட்டால் நிற்கிறது, விட்டால் மறுபடி வருகிறது. ஏன்?

அந்தக் குளிசை பெரும்பாலும் நொரெதிஸ்ரரோன் 5 மில்லிகிராம். நிற்காமல் போவதை நிறுத்த ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்து நாள் என்று கொடுப்பது வழக்கம். இரண்டு மூன்று நாளில் இரத்தம் குறையும். நின்றுவிட்டது என்று நான்காம் நாளே விட்டால் மறுபடி ஊற்றும். வேளை தவறினாலும் கசியும்.

பத்து நாளும் போட்டு முடித்து இரண்டு முதல் நான்கு நாளில் இரத்தம் வரும். அது மருந்து தோற்றதல்ல. குளிசை கட்டி வைத்திருந்த உட்சவ்வு உதிர்கிறது. வழமையான மாதவிடாய் மாதிரி வந்து நிற்கவேண்டும். இதை விளங்கப்படுத்தாமல் குளிசையை மட்டும் கொடுத்துவிடுவதால், பயந்துபோய் அன்றே இன்னொரு அட்டை வாங்கிப் போடுகிறார்கள். மூன்று நான்கு மாதம் இப்படியே இழுபடுகிறது. நாற்பதைத் தாண்டியவருக்கு அந்த மாதங்களில் உட்சவ்வில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு தடவை போட்டு அடங்காவிட்டால் இரண்டாவது அட்டைக்கு முன் பரிசோதனை வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கால் நாளத்தில் இரத்தம் உறைந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கடும் ஈரல் நோயுள்ளவர்கள் இதை எடுக்கக்கூடாது. இந்த முறையில் போடுவது கர்ப்பத்தைத் தடுக்கும் என்று நம்பவும் கூடாது.

ஓமோன் இல்லாத மருந்து உண்டா?

இரண்டு உண்டு. ட்ரனெக்சாமிக் அசிட் உறைந்த இரத்தம் சீக்கிரம் கரையாமல் தடுக்கும். பாதியளவு வரை போக்கைக் குறைக்கும். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, கடுமையாகப் போகும் நாட்களில் மட்டும், அதிகபட்சம் நான்கு நாள். இதில் நடக்கும் பிழை, ஒவ்வொரு குளிசையாகப் போட்டுவிட்டு "வேலை செய்யேல்லை" என்பது. நாட்களை இது ஒழுங்குபடுத்தாது. இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி வந்தவர்களும் வலிப்பு உள்ளவர்களும் முன்னரே சொல்லவேண்டும்.

மெபனாமிக் அசிட் 500 மில்லிகிராம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். போக்கைக் குறைப்பதில் முதலாவதைவிடப் பலம் குறைவு, ஆனால் நோவுக்கும் கேட்கும். குடற்புண், சில வகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த இரண்டிலும் கவனம். வவுனியாப் பக்கத்தில் நீரிழிவோ பிரஷரோ இல்லாமலே சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் இருக்கிறார்கள். மெபனாமிக் அசிட் அவர்களுக்குக் கூடாது. ட்ரனெக்சாமிக் அசிட்டைச் சிறுநீரகத்தின் நிலைக்கேற்பக் குறைத்துத்தான் கொடுக்கவேண்டும். சிறுநீரகக் கிளினிக் கொப்பியைக் காட்டாமல் எந்த நோவுக் குளிசையும் வாங்காதீர்கள்.

காய்ச்சலோடு மாதவிடாயும் கடுமையாகப் போகிறது. என்ன செய்வது?

மாரியில், டெங்கு பரவும் காலத்தில், இதை டெங்கு என்றே நினைத்து அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்தத்தட்டு குறைந்திருக்கலாம். மெபனாமிக் அசிட், அஸ்பிரின், இபுபுரூபன் எதுவும் போடவேண்டாம். பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரினை இதயத்துக்காக ஏற்கெனவே போடுகிறவர்கள் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

இரும்புக் குளிசை எப்படி எடுத்தால் ஏறும்?

200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற் அல்லது பியுமரேற் குளிசை ஒன்றில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். வயிறு தாங்காதவர்கள் ஒன்றுவிட்ட ஒரு நாள் போட்டாலும் உடம்பு நன்றாக உறிஞ்சும். மூன்று வேளை போட்டால் மூன்று மடங்கு ஏறாது, மலச்சிக்கலும் வயிற்றெரிவும்தான் கூடும்.

வெறுவயிற்றில், தேசிக்காய்த் தண்ணீரோடு எடுப்பது நல்லது. நம்மவரிடம் இது தோற்கும் இடம் தேத்தண்ணீர். காலையில் குளிசையைப் போட்டு அதன் மேலேயே பிளேன்ரீ குடித்தால் தேயிலையின் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் தேத்தண்ணீர், பால், கல்சியம் குளிசை வேண்டாம். காலைத் தேத்தண்ணீரை விடமுடியாதவர்கள் குளிசையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம்.

மூன்று நான்கு வாரத்தில் ஈமோகுளோபின் ஏறத்தாழ 2 கிராம் ஏறவேண்டும். ஏறாவிட்டால் ஒழுங்காகப் போடவில்லை, அல்லது போகும் இரத்தம் இன்னும் நிற்கவில்லை, அல்லது பரம்பரையாக வரும் இரத்தக் குறையான தலசீமியாவின் சாயல் போன்ற வேறு காரணம் இருக்கிறது. 12ஐத் தொட்டவுடன் நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் போடவேண்டும், உடம்பின் இரும்புக் களஞ்சியம் நிரம்ப. குளிசை ஒத்துவராதவர்களுக்கு நாளம் வழியாக ஏற்றும் இரும்பு இருக்கிறது.

சாப்பாட்டில் ஈரல், இறைச்சி, மீன் முதலிடம். கௌபி, பயறு, முருங்கையிலை, கீரைகளில் உள்ள இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். கொய்யாவோ நெல்லியோ தேசிக்காயோ கூடச் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். ஆனால் 8க்குக் கீழே இறங்கிய ஈமோகுளோபினைக் கீரையால் ஏற்றிவிடலாம் என்று நினைக்கவேண்டாம்.

கருத்தடைக்கான லூப், ஊசி, கையில் வைக்கும் குச்சி: இவற்றால் வருகிறதா?

செப்பு லூப் போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதம் கூடுதலாகப் போகும், நோவும். பிறகு அடங்கும். ஏற்கெனவே அதிகம் போகிறவருக்கு அது பொருத்தமில்லை. மூன்று மாத ஊசியும் குச்சியும் ஒழுங்கில்லாத கறையைத் தரும். ஊசி தொடர்ந்து போடுகிறவர்களில் பலருக்கு ஒரு வருடமளவில் மாதவிடாயே வராமல் போகும். "கெட்ட இரத்தம் உள்ளே தேங்குது" என்பார்கள். உட்சவ்வு வளரவில்லை, அதனால் உதிர ஒன்றுமில்லை. தேக்கம் எதுவும் இல்லை. தொந்தரவு தாங்கமுடியாவிட்டால் வேறு முறைக்கு மாற்றலாம். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுக் கர்ப்பமாவதுதான் பிரச்சினை.

ஓமோன் லூப் என்கிறார்களே, அது என்ன?

52 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல் அடங்கிய லூப். கருப்பைக்குள்ளேயே சிறிது சிறிதாக ஓமோனை விட்டு உட்சவ்வை மெலிய வைக்கும். பெருக்குக்கு உள்ள மருந்துகளில் பலன் கூடியது இதுதான். ஐந்து வருடம் வேலை செய்யும், கர்ப்பத்தையும் தடுக்கும். சத்திரசிகிச்சைக்கு எழுதப்பட்ட பலர் இதனால் தப்பியிருக்கிறார்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகக் கறைபடும். அதைப் பொறுக்காமல் எடுத்துவிடுபவர்கள் பலனைக் காணமுடியாது. வெளியில் வாங்கினால் விலை அதிகம். அரச கிளினிக்கில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மகள் போன வருடம்தான் பெரியபிள்ளையானாள். ஒழுங்கில்லாமல் வருகிறது.

முதல் இரண்டு மூன்று வருடம் முட்டை ஒழுங்காக வராது. 21 முதல் 45 நாள் இடைவெளி அந்த வயதில் சரி. ஆனால் முதல் மாதவிடாயிலிருந்தே ஊற்றாக ஊற்றினால், பல்லுத் தீட்டும்போது இரத்தம் கசிந்தால், அடிபடாமலே கண்டல் வந்தால், வீட்டில் வேறு யாருக்கும் பிரசவத்திலோ பல் பிடுங்கியபோதோ இரத்தம் நிற்காமல் போயிருந்தால் உறைதல் குறை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுங்கள், சத்துத்தான். இரும்புக் குளிசைக்கு அவை பதிலாகாது. மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிறாள் என்றால் அதுவே வைத்தியரிடம் போகப் போதுமான காரணம்.

ஸ்கானில் பைப்ரொயிட் என்கிறார்கள். கருப்பையை எடுத்தே ஆகவேண்டுமா?

இல்லை. பல பெண்களுக்கு அது ஒரு தொந்தரவும் தராமல் இருக்கும். புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் 2 சென்ரிமீற்றர்க் கட்டி இரத்தத்தை ஊற்ற வைக்கும். வெளிப்பக்கம் தொங்கும் 6 சென்ரிமீற்றர்க் கட்டி ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். உள்ளே இருப்பதைக் கமரா வைத்து யோனி வழியாகவே செதுக்கி எடுக்கலாம். பிள்ளை வேண்டும் என்பவருக்குக் கட்டியை மட்டும் அகற்றலாம். மாதவிடாய் நின்றபின் அவை சுருங்கும். நின்றபின்னும் வளர்ந்தால் மட்டும் உடனே காட்டவேண்டும்.

கருப்பையைச் சுரண்டிவிட்டால் சுகமாகுமா?

ஆகாது. ஒன்றிரண்டு மாதம் குறையும், அவ்வளவே. சுரண்டுவது இழையத்தை எடுத்துப் பரிசோதிக்க. அந்த அறிக்கை வரும்வரை விடாமல் கேட்டு வாங்குங்கள். அறிக்கை வாங்காமல் விட்ட சுரண்டலால் ஒரு பயனும் இல்லை.

எனக்கு 47. நிற்கப்போகிற வயது, அதனால்தான் கூடப் போகுது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நிற்கும் காலத்தில் நாட்கள் தள்ளிப்போவதும் அளவு குறைவதும் சகஜம். அளவு கூடுவதும், இடையிடையே போவதும், வாரக்கணக்கில் நீள்வதும் வயதின் மேல் போட்டுவிடும் விடயங்களல்ல. உட்சவ்வு பரிசோதனை இந்த வயதில்தான் மிகவும் பயன்படும். தடிப்பு மட்டும் இருந்து கலங்கள் பிறழாமல் இருந்தால் ஓமோன் லூப்போ தொடர்ச்சியான குளிசையோ குறைந்தது ஆறு மாதம், பிறகு மறுபடி இழையம் எடுத்துப் பார்ப்பார்கள். கலங்கள் பிறழ்ந்திருந்தால் கருப்பையை எடுப்பதே சரி.

அம்மாவுக்கு 62 வயது. பத்து வருடத்துக்கு முன் நின்றது, இப்போது ஒரு நாள் கொஞ்சம் கறை பட்டது.

கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்த வாரமே. பெரும்பாலும் உலர்ந்து மெலிந்த சவ்வாலோ தசைத்தொங்கலாலோ வந்திருக்கும். ஆனால் இப்படி வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது. முதலிலேயே கண்டுபிடித்தால் சத்திரசிகிச்சையால் குணமாகக்கூடிய புற்றுநோய் அது. யோனி வழி ஸ்கானில் உட்சவ்வு 4 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் பயம் குறைவு. தடித்திருந்தாலோ, மெல்லியதாக இருந்தும் மறுபடி பட்டாலோ இழையம் எடுப்பார்கள். "ஒருநாள்தானே, நின்றுவிட்டதே" என்று அம்மா மறைக்கப் பார்ப்பார். பிள்ளைகள்தான் விடக்கூடாது.

உடலுறவுக்குப் பின் மட்டும் போகிறது.

கருப்பைக் கழுத்தை நேரே கண்ணால் பார்க்கவேண்டும். தொற்று, தொங்கல், புண் எதுவாகவும் இருக்கலாம், கழுத்துப் புற்றுநோயாகவும் இருக்கலாம். 35, 45 வயதுப் பெண்களுக்குச் சுவநாரி (பெண்கள் நல) கிளினிக்கில் இலவசமாகச் செய்யும் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்குரியது. அது சரி என்று வந்ததை வைத்துக் கருப்பையின் உட்பக்கமும் சரி என்று முடிவெடுக்கக்கூடாது.

நாட்டு மருந்து?

பரியாரியாரிடம் போவதற்கு முன் ஈமோகுளோபினையும் கர்ப்பத்தையும் பார்த்துவிடுங்கள். உலோகம் சேரும் பற்பம், செந்தூரம் சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு வேண்டாம். நிற்கும் வயதைக் கடந்தபின் வரும் இரத்தத்துக்கு எந்தக் கசாயத்தையும் நம்பி நாள் கடத்தவேண்டாம்.

கருப்பையை எடுத்தபின் எப்போது பழையபடி வேலை செய்யலாம்?

மருந்தும் லூப்பும் தோற்று, பிள்ளை பெறும் எண்ணமும் முடிந்த பின்னரே இந்தச் சத்திரசிகிச்சை. அதற்கு முன் இரத்தச்சோகையைத் திருத்தவேண்டும், இல்லாவிட்டால் தியேட்டரில் இரத்தம் ஏற்றவேண்டி வரும். சூலகங்கள் நல்லவையாக இருந்தால், குறிப்பாக ஐம்பதுக்குக் குறைந்தவருக்கு, விட்டுவிடுவது நல்லது. எடுத்தால் வேர்வை, சூடு, எலும்பு மெலிவு எல்லாம் ஒரேயடியாக வரும். எதை எடுக்கிறார்கள் என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மெல்ல நடக்கவேண்டும். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். ஆறு வாரம் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, விறகு தூக்குவது, நெல் மூட்டை, நாற்று நடுகை, சைக்கிள் வேண்டாம். உடலுறவுக்கும் ஆறு முதல் எட்டு வாரம். பெரும்போக விதைப்போ அறுவடையோ வரும் நேரமானால் திகதியை முன்னரே வைத்தியரோடு பேசித் தள்ளிப் போடலாம், அவசரமில்லாத சத்திரசிகிச்சைக்கு அது நியாயமான வேண்டுகோள்.

இரண்டு வாரமளவில் கொஞ்சம் மண்ணிறக் கசிவு வரும். நாப்கின் நனையும் சிவப்பு இரத்தம், நாற்றம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, சலம் தானாக ஒழுகுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் சத்திரசிகிச்சை செய்த விடுதிக்கே திரும்பிப் போங்கள். வீட்டுக்கு விடும்போது தந்த துண்டைக் கையோடு கொண்டுபோங்கள்.